சிவாஜிநகரில் கிடைக்கும் ஓவியச் சாமான்

லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 'பிஹோல்ட்' என்றொரு படைப்பு இருக்கிறது. பளபளக்கும் கார் பம்பர்கள் சுமார் இருபதைக் கறுப்புக் கயிறுகள் கட்டித் தாங்கி நிற்கும். கயிறு சுவரெங்கும் படரும், கொத்துக் கொத்தாகத் தொங்கும், தரையில் சுருண்டு கிடக்கும். மொத்த நீளம் சுமார் 4,000 மீட்டர். அத்தனையும் மனித முடியால் திரித்தது. 2009-இல் வெனிஸ் பினாலே கண்காட்சியில் வைக்கப்பட்ட இதைச் செய்தவர் ஷீலா கௌடா. 1957-இல் பத்ராவதியில் பிறந்து பெங்களூரில் வாழும் கலைஞர்.

வெனிஸில் பார்த்தவர்களுக்கு விசித்திரமாக இருந்த சமாசாரம், பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்குப் பழகிய காட்சி. கண் திருஷ்டி படாமலிருக்க வண்டி பம்பரில் முடிக்கயிறு கட்டுவது இந்த ஊர் டிரைவர்களின் வழக்கம். கோயில்களில் காணிக்கையாக இறக்கும் முடியில் நீளமானது சவுரிக்குப் போகும். மிஞ்சும் குட்டை முடியைத் திரித்துக் கயிறாக்குகிறார்கள். பக்தி, பயம், வியாபாரம் மூன்றும் அந்தக் கயிற்றில் ஏற்கெனவே முறுக்கேறியிருக்கின்றன. ஷீலா கௌடா அதற்குச் சாயம் பூசவில்லை, அலங்காரம் செய்யவில்லை. கயிறு செய்கிற வேலையையே, அதாவது கட்டுவதையும் தாங்குவதையும், பெரிய அளவில் செய்ய வைத்தார்.

வழியில் கிடைத்த பொருளை எடுத்து, வண்ணத்தோடும் மேடுபள்ளத்தோடும் சேர்த்துப் படைப்பாக்கும் முறையைக் கலப்பு ஊடகம், மிக்ஸட் மீடியா என்கிறார்கள். இன்று வார இறுதிப் பயிலரங்குகளிலும் கைவினைக் கடைகளிலும் இதற்கென்று தனி 'கிட்' விற்கிறது. காய்ந்த இலை நான்கு, சிப்பி ஆறு, சணல் ஒரு முழம் என்று பாக்கெட்டில் போட்டுத் தருகிறார்கள். பெங்களூரில் இருப்பவருக்கு அந்தப் பாக்கெட் தேவையில்லை. சிவாஜிநகரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும்.

சந்தைக்குள் ஒரு கிடங்கு

1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த படையைப் பெங்களூருக்கு மாற்றி கன்டோன்மென்ட் அமைத்தார்கள். படையோடு கூலியாட்கள், கொத்தர்கள், வியாபாரிகள், துபாஷிகள் என்று தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். அன்று பிளாக்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த இடம்தான் இன்றைய சிவாஜிநகர். வீர பிள்ளை தெரு, நாராயண பிள்ளை தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று பெயர்ப்பலகைகள் அந்தக் கதையை இன்னும் சொல்கின்றன. பட்டாளத்துக்கும் அதை நம்பி வந்தவர்களுக்கும் வேண்டியதை விற்கும் பேட்டையாகத் தொடங்கிய இடம், பழையதைப் பிரித்து விற்கும் பேட்டையாகவும் வளர்ந்தது.

1927-இல் கட்டி 1933-இல் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் பூ, பழம், காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். காலை வியாபாரம் முடிந்து கூட்டும் நேரத்தில் வாசலில் குவிகிறவற்றைக் கலைஞனின் கண்ணோடு பார்க்க வேண்டும். பூக்கட்டிலிருந்து அவிழ்த்த வாழைநார், கோணிச் சாக்கின் கிழிசல், பழப்பெட்டியின் முரட்டுப் பலகை, ஆப்பிளைச் சுற்றி வந்த வலை, சோளத்தின் மேல்தோல், மீனின் செதில். ஒவ்வொன்றும் விரலுக்கு வேறு வேறு செய்தி சொல்லும். வாழைநார் காய்ந்தால் பட்டுப்போல மினுங்கும். சோளத்தோலில் நீளவாக்கில் கோடுகள் ஓடும், நனைத்தால் எப்படி வேண்டுமானாலும் வளையும். பெரிய மீனின் செதிலைச் சோப்புநீரில் கழுவிக் காயவைத்தால் நகம்போல் கெட்டியாகி, ஓரத்தில் லேசாகச் சுருண்டு, பூவிதழுக்கு ஆகும்.

நாலு எட்டு நடந்தால் குஜ்ரி. சென்னைக்காரர் காயலான் கடை என்பதை இங்கே இப்படிச் சொல்கிறார்கள். பிரித்துப் போட்ட வண்டிகளின் பல்சக்கரம், பேரிங், ஸ்பிரிங், ரேடியேட்டர் தகடு, செம்புக் கம்பி எல்லாம் எடைக்குக் கிடைக்கும். இன்னொரு பக்கம் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டையும் இப்ராகிம் சாகிப் தெருவையும் ஒட்டிய துணிக்கடைகள், தையல்கடைகள். வெட்டித் தள்ளிய பட்டுத் துண்டும் ஜரிகை நூலும் அங்கே மேஜைக்கடியில் கிடக்கும்.

இந்தப் பொருள்களால் வரையப்போவது இயற்கையைத்தான், அதற்கு இரும்பு எதற்கு என்று கேட்கலாம். துருப்பிடித்த தகட்டின் செம்மண் நிறத்தை எந்த டியூபிலிருந்தும் பிதுக்கிவிட முடியாது. மழையும் காற்றும் சேர்ந்து இரும்பில் செய்த வேலைக்குத்தான் துரு என்று பெயர். ரேடியேட்டர் தகட்டின் நெருக்கமான மடிப்புகளை நீட்டி வைத்தால் காளானின் அடிப்புறம் வந்துவிடுகிறது.

தஞ்சாவூர் முந்திக்கொண்டது

கலப்பு ஊடகத்தின் தொடக்கம் என்று கலை வரலாற்றுப் புத்தகங்கள் 1912-ஐக் குறிக்கும். அந்த ஆண்டு பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். 1925-இல் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பழைய பலகைத் தரையின் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகள் காகிதத்தில் எழும்பின, அவற்றிலிருந்து காடும் பறவையும் உருவாக்கினார். நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டேதான்.

ஆனால் தமிழ் வாசகர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பூஜையறையில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர் ஓவியத்தை அருகில் போய்ப் பார்த்தால் போதும். பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, நகையும் தூணும் வருகிற இடங்களில் புடைத்து நிற்கும் மக்கு, அதில் பதித்த கண்ணாடிக் கல், மேலே ஒட்டிய தங்க ரேக்கு, கடைசியாக வண்ணம். மரம், துணி, கல், உலோகம் நான்கும் ஒரே சட்டத்துக்குள். இதைவிடத் தெளிவான கலப்பு ஊடகம் கிடைக்காது. மைசூர் ஓவியம் இதன் உறவுக்காரன். அங்கே புடைப்பு மெல்லியதாக, பொன் அடக்கமாக இருக்கும்.

கழிவிலிருந்து கலை என்பதற்கு இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சண்டிகரின் ராக் கார்டன். சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், 1950-களின் கடைசியில், இடித்த கட்டடங்களின் சில்லுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கானையும் யாருக்கும் தெரியாமல் காட்டுப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சிலைகளாக்கத் தொடங்கினார். அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை. 1975 வாக்கில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது, 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

புளியங்கொட்டைப் பசை நியூயார்க் போன கதை

இயற்கையை அடியாகக் கொண்டு பொருள்களால் வேலை செய்கிறவர் என்றால் ரஞ்சனி ஷெட்டரைச் சொல்லாமல் தீராது. 1977-இல் பெங்களூரில் பிறந்தவர், கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் சிற்பம் படித்தவர், பின்னர் மலைநாட்டுப் பக்கம் குடிபெயர்ந்தவர். 2018-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய 'ஏழு குளங்களும் சில மழைத்துளிகளும்' காட்சிக்கு வைக்கப்பட்டது. துருவேறா எஃகுக் கம்பிகளை வளைத்துச் சட்டமாக்கி, அதன்மேல் மஸ்லின் துணியைப் போர்த்தி, புளியங்கொட்டைப் பசையால் விறைப்பாக்கியிருந்தார். கூரையிலிருந்து தொங்கும் அந்த வடிவங்களின் நிழல் சுவரில் விழுந்து இன்னொரு படைப்பாக அசையும். குளத்தையோ துளியையோ அப்படியே காப்பி அடிக்கும் முயற்சி எதுவும் அதில் இல்லை. தண்ணீர் தேங்குகிற, வழிகிற, ஒளியை வாங்குகிற விதத்தைத் துணிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

வேறு படைப்புகளில் அவர் தேன்மெழுகையும் நூலையும் பயன்படுத்தியிருக்கிறார், கழித்த கார்களின் தகட்டை நாடாவாக வெட்டிக் கூடை முடைவதுபோல் முடைந்திருக்கிறார், சென்னப்பட்டண பொம்மைக்காரர்களின் அரக்கு வேலையையும் எடுத்தாண்டிருக்கிறார். சென்னப்பட்டணம் பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அங்கே கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் நிறம் இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இலையே பாலிஷ் காகிதமாகும் ஊர் அது.

புளியங்கொட்டைப் பசை நம் ஊரில் தறிக்காரருக்கும் பொம்மைக்காரருக்கும் தஞ்சாவூர் ஓவியருக்கும் பழக்கமானது. கொட்டையை வறுத்து, மேல்தோலை நீக்கி, பருப்பை ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கரைத்துக் கிளறிக் காய்ச்சினால் கூழ் பதத்தில் இறங்கும். காகிதம், துணி, இலை மூன்றையும் நன்றாகப் பிடிக்கும், காய்ந்தால் துணிக்கு விறைப்புக் கொடுக்கும். குறை ஒன்று உண்டு. இரண்டு நாளில் புளித்து நாறும், ஒட்டிய பிறகும் பூச்சி தேடி வரும். அந்தக் காலத்துப் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்த்ததற்கு அதுதான் காரணம். துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நல்லது.

எதைப் பொறுக்கலாம், எதைக் கூடாது

சிவாஜிநகருக்குப் பக்கத்திலேயே 1870-இல் உருவான கப்பன் பார்க் இருக்கிறது. பெங்களூர்ச் சாலைகளின் மரவரிசைக்குக் காரணகர்த்தாக்களில் ஒருவர் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பிகல். 1908-இல் மைசூர் சமஸ்தானப் பணிக்கு வந்து, லால்பாக் தோட்டத்தைப் பல்லாண்டுகள் கவனித்துக்கொண்டவர். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி வரிசை வரிசையாக வைக்கும் திட்டத்தை அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். அதனால் பொறுக்குகிறவருக்கு மாதத்துக்கொரு சரக்கு. குல்மோஹரின் வாள் நீளக் காய், ஜகரண்டாவின் தட்டையான வட்ட ஓடு, தூங்குமூஞ்சி மரத்தின் கறுத்த காய், இலவம் பஞ்சு, அடிப்புறம் வெள்ளி பூசிய சில்வர் ஓக் இலை, உரிந்து விழும் யூகலிப்டஸ் பட்டை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காற்றில் ஈரம் குறைவு, சேகரிக்க அதுவே தோதான காலம். ஜூனுக்குப் பிறகு எடுத்து வைப்பவை பூஞ்சை பிடிக்கும்.

தானாக விழுந்ததை மட்டும் எடுப்பது இந்தக் கலையின் முதல் ஒழுக்கம். உயிருள்ள மரத்தில் பட்டை உரிப்பது அதன் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். பூங்காவில் பூப்பறிக்கவும் கிளை ஒடிக்கவும் தடை இருக்கிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் பவளத் துண்டுகளைத் தொடாமல் வர வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளமும், சங்கு சிப்பிகளில் சில வகைகளும் பாதுகாக்கப்பட்டவை. பறவைக்கூடு காலியாகத் தெரிந்தாலும் அடுத்த பருவத்துக்குச் சொந்தக்காரர் திரும்பி வரக்கூடும்.

குஜ்ரியில் வேறு எச்சரிக்கை. பேட்டரி சம்பந்தப்பட்ட எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, ஈயமும் அமிலமும் அதில் உண்டு. மற்ற இரும்பை டிடர்ஜென்ட் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, கையுறையோடு கையாள வேண்டும். பழைய பெயின்ட் உரியும் தகட்டை வெறும் மூக்கோடு தேய்க்கக் கூடாது.

ஒரு பலகை, ஒரு பிடி மக்கு

முதல் படைப்புக்கு ஓரடிக்கு ஓரடி அளவில் 6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். கேன்வாஸ் துணி வேண்டாம், அது தளரும்போது மேலே இருக்கும் மக்கு விரிசல் விடும். பலகையை உப்புத்தாளால் தேய்த்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளைந்துகொள்ளும்.

அக்ரிலிக் மக்கு பெயின்ட் கடையில் கிடைக்கும். வீட்டில் செய்வதானால் சாக்பீஸ் பொடியை வெள்ளைப் பசையோடு இட்லி மாவைவிடக் கெட்டியாகப் பிசையலாம். அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக் கூடாது. மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், பாளம் பாளமாக வெடிக்கும். வறண்ட ஏரியை வரைகிறவர் மட்டும் வேண்டுமென்றே கனமாகப் பூசி அந்த வெடிப்பை வரவழைத்துக்கொள்வார்.

மக்கு ஈரமாக இருக்கும்போதே விளையாட்டு தொடங்குகிறது. தேக்கு இலையையோ அரச இலையையோ நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து விரலால் மெதுவாக அழுத்திவிட்டு உரித்தெடுத்தால், நரம்புகளின் தடம் அப்படியே பதியும். இலை போய்விட்டது, இனி அழுகவோ நிறம் மாறவோ எதுவும் இல்லை. பழ வலையை அழுத்தினால் தேன்கூடு. சீப்பை இழுத்தால் உழவு சால். கோணியைப் பதித்தால் முரட்டு நிலம். பதித்ததை ஒரு நாள் காயவிட வேண்டும்.

வண்ணத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. அடர்ந்த பழுப்பையோ கருநீலத்தையோ தண்ணீராகக் கரைத்து முழுப்பலகையிலும் ஓடவிட வேண்டும். உடனே ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் மேட்டிலிருக்கும் நிறம் போய், பள்ளத்தில் தங்கியது மட்டும் நிற்கும். காய்ந்தபின், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு மேடுகளின் மேல் உரசிச் செல்ல வேண்டும். அதுவரை சப்பையாகக் கிடந்த நரம்புகள் நிமிர்ந்து எழும்.

அதன் பிறகுதான் பொருள்கள். காய், ஓடு, நார் போன்றவற்றைக் கெட்டிப் பசை பிடிக்கும். இரும்பையும் செம்பையும் பசையை மட்டும் நம்பி விடக் கூடாது. வெயிலுக்கும் குளிருக்கும் மரம் ஒரு மாதிரி அசையும், உலோகம் வேறு மாதிரி அசையும், ஒட்டு விட்டுப் போகும். சிறு துளை போட்டுச் செம்புக் கம்பியால் தைப்பதே உறுதி. அந்தத் தையலும் படத்தில் ஒரு கோடாக நின்றுகொள்ளும்.

இலையை அப்படியே ஒட்ட விரும்புகிறவர்கள் செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி, ஒன்றிரண்டு வாரம் உலர்த்த வேண்டும். அரச இலையைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை அழுகிவிடும், பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் கழுவினால் வலைபோன்ற நரம்புக்கூடு மட்டும் மிஞ்சும். விதைகளிலும் காய்களிலும் வண்டு முட்டை இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் படம் சுவரில் தொங்கும்போது மாவாகக் கொட்டாது. எதுவானாலும் நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் இலையின் பச்சை ஓராண்டு தாங்காது. பழுப்பையும் கணக்கில் வைத்தே படம் போடுவது புத்திசாலித்தனம்.

எங்கே சறுக்குகிறது

இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போவதற்குக் காரணம் பொருள் பற்றாக்குறை அல்ல, பொருளின் மிகுதி. பொறுக்கி வந்ததையெல்லாம் ஒட்டிவிடும் ஆசையில் பலகை கல்யாண வீட்டுச் சீர்வரிசைத் தட்டாகிவிடுகிறது. கண் ஓய்வெடுக்க இடமில்லை. பலகையில் பாதியையாவது வெறும் மேடுபள்ளத்துக்கே விட்டுவிட்டு, ஒரே ஒரு காயையோ தகட்டையோ வைத்தால் அது பேசும்.

இன்னொரு சறுக்கல், பொருளை வேறொன்றாக வேஷம் கட்ட வைப்பது. முந்திரிக்கொட்டைக்குக் கண் வரைந்து கிளியாக்குவது குழந்தைகளுக்கு வேடிக்கை, அதோடு சரி. ஷீலா கௌடாவின் கயிறு கடைசி வரைக்கும் முடிக்கயிறுதான். 1990-களில் அவர் ஓவியத்திலிருந்து விலகிச் சாணத்தைக் கையிலெடுத்தபோதும் சாணம் சாணமாகவே இருந்தது. நூலை ஊசிகளில் கோத்து, குங்குமமும் பசையும் சேர்த்துச் சிவந்த கயிறாக்கியபோதும் அப்படித்தான். ரஞ்சனியின் மஸ்லினும் தான் துணி என்பதை மறைத்துக்கொள்வதில்லை. பொருளுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்ய விடுவதில்தான் இந்தக் கலையின் கெட்டிக்காரத்தனம் அடங்கியிருக்கிறது. நார் முறுக்கிக்கொள்ளும், மக்கு வெடிக்கும், இரும்பு துருவேறும், இலை சுருளும். இயற்கையின் சாயல் படத்தில் வருவது அந்தக் குணங்கள் வழியாக. மேலே ஒட்டும் பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி அதைக் கொண்டுவராது.

இதற்குக் காசு அதிகம் ஆகாது. பலகை, மக்கு, இரண்டு மூன்று வண்ணங்கள், வார்னிஷ். செலவாவது நேரமும் பொறுமையும். காய்வதற்குக் காத்திருக்க முடியாதவர் இதில் இறங்க வேண்டாம்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். சித்ரகலா பரிஷத் 2004 முதல் நடத்திவரும் சித்ர சந்தையில், குமார கிருபா சாலையின் இரு பக்கமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் தங்கள் படைப்புகளை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சிவாஜிநகரிலிருந்து ஆட்டோவில் போய்விடும் தூரம்தான். பார்க்க டிக்கெட் கிடையாது, கலைஞர்களிடமே நின்று கேட்கலாம். எந்தப் பசை, எத்தனை நாள் காய்ந்தது, இந்தக் காய் எந்த மரத்தினுடையது என்று கேளுங்கள்.